முறைமை பிசகாமல்

எங்கள் ஆற்றைக் கடக்க வருகிறவர்கள் முதலில் கூக்காட்ட வேண்டும். கரையில் நின்று இரண்டு கைகளையும் வாயருகே குவித்து நீளமாக ஒரு ‘கூ’. அக்கரை வயலில் நிற்கும் யாராவது பதிலுக்கு ஒரு தரம் கூவினால் வரலாம். விட்டுவிட்டு இரண்டு தரம் கூவினால் வராதே, வெள்ளம் கல்லை மூடிவிட்டது என்று அர்த்தம். ஆற்றுக்குக் குறுக்கே தண்ணீர் மட்டத்தில் கல் பரப்பிப் போட்ட பாதைதான் எங்கள் வழி, தாம்போதி என்போம். வெள்ளத்தின் உயரத்தைக் காட்டும் வெள்ளைக் கல் அக்கரைச் சரிவில் இருந்தது. இக்கரையில் நிற்பவருக்கு அது தெரியாது. மற்றவன் கண்ணை நம்பித்தான் காலை வைக்க வேண்டும்.

வன்னியில் இப்படி எத்தனையோ ஆறுகள். கோடையில் மாடு படுத்துக் கிடக்கும் மணல். கார்த்திகை பிறந்தால் மனிதரைத் தின்னும். ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் தெரு, பஸ், தண்ணீரூற்றுச் சந்தி, முல்லைத்தீவு ஆஸ்பத்திரி. இந்தப் பக்கம் நாங்கள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் கலியாணம் முடித்து, குளத்துக்குக் கீழே காடு வெட்டிக் கொடுத்த வயல்காணிக்கு இவரோடு வந்தேன். இவர் என்று நான் சொல்வது என் கணவரை. இவருக்குக் கடவுள் இல்லை. பேய், பிசாசு, நாவூறு, நல்ல நேரம் எதுவுமில்லை. எங்கள் கலியாணத்தில் ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல, இவர் பந்தலைத் தாங்கிய கமுக மரங்களை எண்ணிக்கொண்டிருந்தவர். எனக்குக் கடவுள் உண்டா என்று கேட்டால், வயிறு நிறைந்த நாளில் இல்லை, காய்ச்சல் வந்த நாளில் இருந்தார்.

பக்கத்துக் காணிக்காரனை நான் தம்பி என்றும், அவன் மனைவியைத் தங்கச்சி என்றும் கூப்பிட்டேன். கோயிலுக்குள் விடாத பகுதி ஆட்கள். காணி கொடுத்தபோது அரசாங்கம் சாதி பார்க்கவில்லை. அந்தக் குறையை ஊர் நிரப்பியது. வந்த புதிதில் அவன் இவரை ‘ஐயா’ என்று கூப்பிட, “ஐயாவும் வேண்டாம் கொய்யாவும் வேண்டாம், அண்ணை எண்டு கூப்பிடு” என்று இவர் சொல்லிவிட்டார். அவர்கள் எங்கள் குசினிக்குள், அடுப்படி வரைக்கும், வந்து போனார்கள். அதைக் கண்டு எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போனவர்களும் உண்டு. போகட்டும், சீனி மிச்சம் என்று நான் இருந்துவிட்டேன்.

தங்கச்சியின் முதல் பிள்ளை ஆற்றங்கரையில் போனது. மார்கழி வெள்ளம். கூக்காட்டிக் கூக்காட்டித் தம்பியின் தொண்டை அடைத்ததுதான் மிச்சம். பதிலுக்கு இரண்டு கூ வந்துகொண்டே இருந்தது. வண்டிலுக்குள் பிள்ளை பிறந்து, வண்டிலுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் அவள் சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொள்வாள்.

என் முதல் பிள்ளைக்கு எனக்கு நோக்கண்ட அன்றும் வெள்ளம்தான். வெள்ளைக் கல்லின் தலை மட்டும் தெரிகிறது என்று அக்கரையிலிருந்து ஒரு கூ வந்தது. தம்பி வண்டிலை இறக்கினான். இவர் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் நடந்தார். வண்டில் தட்டின் ஊடாகத் தண்ணீர் என் முதுகைத் தொட்டது. தங்கச்சி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “அக்கா, பயப்பிடாதையுங்கோ, கரை கிட்ட வந்திட்டுது” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். கரை கிட்டவும் இல்லை, தெரியவும் இல்லை. அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் நான் அக்கரை சேர்ந்தேன். பிள்ளை ஆஸ்பத்திரியில் சுகமாகப் பிறந்தது.

பிள்ளையோடு வீட்டுக்கு வந்த கையோடு கிராமசபைத் தேர்தல் வந்தது. எங்கள் வட்டாரத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள்.

ஒருவர் கோயில் நிர்வாகத்தைப் பார்ப்பவர். மணியம் என்றுதான் ஊர் அவரைச் சொல்லும். நெற்றி நிறைய விபூதி, பூசை முடியாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. பொய் சொன்னார் என்று அவருடைய எதிரிகூடச் சொன்னதில்லை. அதே மணியம்தான், பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்குப் பலகையில் இருக்கட்டும் என்று சொன்ன வாத்தியாரை வேறு ஊருக்கு மாற்றுவித்தவர். அதையும் அவர் ஒளித்துச் செய்யவில்லை. முறைமை என்று ஒன்று இருக்கிறது, அதைக் காப்பது தன் கடமை என்று கோயில் வாசலில் நின்றே சொன்னார்.

மற்றவர் கூட்டுறவுச் சங்கக்கடையைப் பார்த்தவர், இவருடைய கூட்டாளி. இவரைப் போலவே சாமி இல்லாதவர். பேச எழுந்தால் கேட்பவன் வீட்டுக்குப் போகமாட்டான்; அவ்வளவு அழகான பேச்சு. அந்த ஆற்றுக்குத் தைப்பொங்கலுக்கு முன் பாலம் வரும் என்று முந்தின தேர்தலில் பேசி வென்றிருந்தார். பொங்கல் மட்டும் ஒழுங்காக வந்து போய்க்கொண்டிருந்தது.

ஊரில் சாமி இல்லாதவர்கள் ஒரு கைப்பிடிதான். எங்கள் வாசிகசாலையில் பேப்பரை முதலில் எடுக்கிறவர்கள். ஆனால் வட்டாரம் சின்னது; இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். இந்தக் கைப்பிடியும், இவர் சொல்லைக் கேட்டு நடக்கக்கூடிய தம்பியின் சொந்தக்காரர்களும் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கம் வெல்லும். அதனால்தான் ஒரு பின்நேரம் சங்கக்கடைக்காரர் எங்கள் முற்றத்தில் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். நான் உள்ளே கிடுகு மறைப்புக்குப் பின்னால் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

“நீ மணியத்துக்குப் போடப்போறியாம் எண்டு கதை வருது. நாங்கள் இவ்வளவு காலமும் வாசிச்சது பேசினது எல்லாம் என்னத்துக்கு?”

“வாசிச்சது கிடக்கட்டும்,” என்றார் இவர். “எங்கை பாலம்?”

“மேலிடத்திலை இருந்து பதில் வரேல்லை.”

“நீ திரும்பப் போய்க் கேக்கேல்லை. மணியம் எண்டால் கேட்டிருப்பார். ஏன் தெரியுமோ? சத்தியம் பண்ணிப்போட்டு விட்டால் சாமி கேக்கும் எண்டு அந்தாளுக்குப் பயம். அந்தப் பயம் எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை. ஆனால் பயப்படுற ஆளை அந்தப் பயத்தாலையே கட்டலாம், மாட்டைக் கயித்தாலை கட்டுற மாதிரி. உன்னை என்னத்தாலை கட்டுறது, சொல்லு பாப்பம்?”

சங்கக்கடைக்காரர் கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார்.

“பள்ளிக்கூடத்து வாங்கை மறந்து போட்டியோ?”

“மறக்கேல்லை. வாங்கிலை இருக்கப் பிள்ளை உயிரோடை இருக்கவேணும். முதல் பாலம். பிறகு வாங்கு.”

“ஆறு கடக்குமட்டும் அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ ஆர் நான் ஆர் எண்டு போகப்போகுது அந்தாள்.”

“அந்தாள் போகாது. சொன்ன சொல்லு விடாது.”

“அதைத்தான் நானும் சொல்லுறன். கயிறு எண்டால் ரெண்டு தலைப்பு இருக்கும். ஒரு தலைப்பை நீ பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய். மற்றத் தலைப்பு எங்கை கட்டியிருக்கெண்டு பாத்தனியோ?”

அவர் போன பிறகு நான் இவரிடம் கேட்டேன். “இஞ்சருங்கோ, தங்களைக் கோயிலுக்குள்ளை விடாத மனிசனுக்குத் தம்பியாக்கள் ஏன் புள்ளடி போடவேணும்?”

“கோயில் அவையளுக்கு என்னத்துக்கப்பா? பாலம் அல்லோ வேணும். அந்தப் பிள்ளை செத்ததை நீர் மறந்திட்டீரோ?”

மறக்கவில்லை. என் மடியில் ஒரு பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. ஆனால் கோயில் வேண்டுமா வேண்டாமா என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. தங்கச்சியின் குசினி மூலையில் சாணியில் பிடித்து அறுகம்புல் குத்திய பிள்ளையார் ஒருவர் இருந்தார். அவருக்கு ஒரு சின்ன விளக்கும் இருந்தது. நான் கண்டிருக்கிறேன். இவர் எத்தனையோ தரம் அந்த வீட்டு வாசலில் இருந்து கதைத்துவிட்டு வந்தவர், காணவில்லை. தனக்கு வேண்டாதது அவர்களுக்கும் வேண்டாம் என்று இவர் முடிவுகட்டிவிட்டார். நல்ல மனிதர்களின் குருட்டுத்தனத்துக்கு மருந்தே இல்லை.

இவர் மணியத்திடம் நேரே போனார். எங்கள் ஆட்களின் புள்ளடி அவருடைய விளக்குச் சின்னத்துக்கு வேண்டுமென்றால், கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும் என்று கேட்டார். எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்ன சொல்லை எங்கள் பக்கத்தில் ஒருவரும் மீறமாட்டார்கள். சாமி இல்லாத மனிதர் கற்பூரச் சத்தியம் கேட்கிறார் என்று ஊர் சிரித்தது. மணியம் சிரிக்கவில்லை. “நம்பாதவன் கேக்கிற சத்தியத்துக்குத்தான் தம்பி பாரம் கூட,” என்று சொல்லி அடுத்த வெள்ளிக்கிழமையைக் குறித்தார்.

நான் போகவில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்காரருக்குத் துடக்கு. முப்பத்தொன்று கழியாமல் கோயில் பக்கம் போகக்கூடாது. அந்தத் துடக்கு இவருக்கும்தான். எனக்கேது துடக்கு என்று சொல்லிக்கொண்டு போனார், ஆனால் உள்ளே போகவில்லை. கோயில் வீதியின் கடைசியில் ஒரு பாலை மரம் நின்றது. தம்பியும் தங்கச்சியும் அதற்கு அப்பால் வருவதில்லை. இவரும் அவர்களோடு அந்த மரத்தடியில் நின்றார். வந்து பெருமையாகச் சொன்னார்.

“நானும் அவையோடைதான் வெளியிலை நிண்டனான்.”

“நீங்கள் போகாமல் நிண்டனீங்கள். அவை போகேலாமல் நிண்டவை.”

“உமக்கு எல்லாத்திலையும் ஒரு கதை இருக்கு,” என்றார். மணியம் கற்பூரத்தை அணைத்து, பாலம் போட்டுத் தருவன் என்று ஊர் கேட்கச் சொன்னதையும், சனம் அரோகரா போட்டதையும் சந்தோஷமாகச் சொல்லி முடித்தார். மாடு கட்டியாயிற்று என்ற சந்தோஷம்.

அடுத்த நாள் தங்கச்சி எனக்குப் பத்தியக் கறி கொண்டு வந்தாள். சட்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

“அக்கா, ஊர் முறைமை பிசகாமல் எண்டு ஒரு சொல்லும் சேத்துத்தான் சொன்னவர்,” என்றாள்.

“வேறை என்ன சொன்னவர்?”

அவள் பிள்ளையைப் பார்த்தாள். “வேறை ஒண்டுமில்லை அக்கா,” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் இவரிடம் கேட்டேன், முறைமை என்று மணியம் சொன்னது காதில் விழுந்ததா என்று.

“என்னவோ சொன்னவர். அது கோயில் ஆக்கள் வழக்கமாச் சொல்லுற கதை. பாலம் எண்டதுதான் விஷயம். கலியாண வீட்டிலை ஐயர் சொல்லுற மந்திரத்தை ஆர் கேக்கிறது?”

“மந்திரத்தைக் கேளாமல் கட்டினாலும் தாலி தாலிதான்,” என்றேன்.

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

மணியம் வென்றார். நானும் கைப்பிள்ளையோடு தாம்போதியைக் கடந்து போய் விளக்குக்கு நேரே புள்ளடி போட்டேன். வென்றவர் சொன்ன சொல்லை விடவில்லை. அரசாங்கக் கச்சேரிக்கு அலைந்து செருப்பைத் தேய்த்தார். வெயிலில் நின்று கல்லும் கம்பியும் இறக்கினார். சங்கக்கடைக்காரர் சொன்னதற்கு மாறாக, அவர் ஆறு கடந்ததும் மறக்கவில்லை. தாம்போதிக்குக் கொஞ்சம் மேலே, அடுத்த மாரிக்கு முன்பே, வெள்ளத்துக்கு எட்டாத உயரத்தில் பாலம் வந்துவிட்டது. திறந்த அன்று இவர் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் நடந்தார். “பாத்தீரே?” என்று எனக்குச் சொன்னார். பார்த்தேன். எனக்கும் சந்தோஷம்தான்.

பாலத்தின் இந்தத் தலைப்பில் மணியம் ஒரு பிள்ளையாரை வைத்தார். பிள்ளையார் இல்லாமல் நல்ல காரியம் ஏது என்றார். ஊரும் அதைத்தான் சொன்னது. ஆனால் பிள்ளையார் வந்தால் அவர் முன்னால் ஓடும் தெரு கோயில் வீதி ஆகிவிடும். மற்ற நாட்களில் அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. கார்த்திகை முடிந்து பிள்ளையாருக்குரிய விரத நாட்கள் தொடங்கியதும், அந்தச் சின்னக் கோயிலில் பகலிரவாக விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்த நாட்களில் தம்பி வண்டிலைத் திருப்பித் தாம்போதியால் இறங்கிப் போனான். அந்த மாரி மழை குறைவு, தண்ணீர் முழங்காலுக்குத்தான்.

இவர் கண்டுவிட்டு அவனைப் பிடித்தார். “ஆரடாப்பா உன்னை மறிச்சது?”

“ஒருத்தரும் மறிக்கேல்லை அண்ணை. இது கிட்ட எண்டு போறன்.”

கிட்ட இல்லை. இவரும் அதை அறிவார். ஆனால் ஒருவரும் மறிக்கவில்லை என்ற பதில் இவருக்கு வசதியாக இருந்தது. மறித்திருந்தால் சண்டை பிடித்திருப்பார், அதில் சந்தேகமில்லை. மறிக்காத ஒன்றோடு எப்படிச் சண்டை பிடிப்பது என்று இவருக்குத் தெரியவில்லை.

கடற்கரையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டு வருகிற வேதக்காரர் ஒருவர் இருந்தார். கழுத்தில் சிலுவையோடு, மீன் நாற்றம் வீசும் பெட்டியோடு, எரிகிற விளக்கைத் தாண்டி அந்தப் பாலத்தால் தினமும் போய் வந்தார். “பிள்ளையாருக்கு என்னிலை கோபமில்லை, அவருக்குத் தெரியும் நான் வேறை இடத்து ஆள் எண்டு,” என்று எனக்குப் பகிடி சொல்வார். நாங்கள் சிரிப்போம். பக்கத்துக் காணியில் தங்கச்சியும் சிரிப்பாள். அவளுக்கு அப்போது வயிற்றில் ஒன்றும் இல்லை.

அதற்கு அடுத்த மாரிக்கு அவள் நிறைமாதம். வானம் அந்த வருஷம் பொத்துக்கொண்டு ஊற்றியது. விரத நாட்கள் நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் அவளுக்கு நோக்கண்டது. எனக்கு அவளோடு போகத்தான் விருப்பம், என் பிள்ளைக்குக் குக்கல் இருமல். விட்டுவிட்டு அசைய முடியாது. இவர் மழை படாமல் வண்டிலுக்குப் படங்கு கட்டிக் கொடுத்தார். அன்று இவருடைய முகத்தில் ஒரு பயமும் இல்லை.

“வெள்ளம் என்ன செய்யும்? பாலம் இருக்கு. பின்நேரம் பஸ் வெளிக்கிட முதல் ஆஸ்பத்திரி வாசலிலை நிப்பியள்,” என்றார்.

தங்கச்சி வண்டிலில் ஏறுவதற்கு முன் என் கையைப் பிடித்தாள். “அக்கா, குசினியிலை விளக்கு இருக்கு. அணைய விடாதையுங்கோ.”

ஓம் என்றேன். வண்டில் போனது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளுடைய குசினிக்குப் போய், சாணிப் பிள்ளையாருக்கு முன்னால் இருந்து, திரி கருகாமல் எண்ணெய் விட்டேன். கூரையில் மழை விழுந்த சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. விளக்கு அணையவில்லை.

இருட்டுவதற்கு முன் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. தாம்போதியின் நடுவில் வண்டில் சரிந்திருக்கிறது. தம்பியை ஒரு மாட்டோடு கரை ஒதுங்கிய இடத்தில் பிடித்தார்கள். அவளை அடுத்த நாள் விடியக் கீழே நாணற் பற்றைக்குள் கண்டெடுத்தார்கள். இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தன என்று சொன்னார்கள். நான் பார்த்தேன், அப்படித்தான் இருந்தன.

மீன்காரர் எங்கள் முற்றத்தில் குந்தியிருந்து அழுதார். அன்று வெறும் பெட்டியோடு திரும்பும்போது பாலத்தின் நடுவில் அவருக்குக் கூ ஒன்று கேட்டிருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்டதாம். “பாலம் வந்த பிறகு ஆர் கூக்காட்டுறது எண்டு நினைச்சன் பிள்ளை. பெடியள் விளையாடுதுகள் எண்டு நினைச்சிட்டன்,” என்றார். கூவுக்குப் பதில் சொல்கிற வழக்கமே எங்களுக்கு விட்டுப்போயிருந்தது. வெள்ளைக் கல்லை ஒருவரும் பார்ப்பதில்லை. அதைச் சுற்றிப் பற்றை வளர்ந்துவிட்டது.

மணியம் வந்தார். தம்பி வீட்டுப் படலைக்கு வெளியே, குடை இல்லாமல், மழையில் நின்றார். உள்ளே வருவது அவருக்கு முறைமை இல்லை. இவர் எழும்பி அவரிடம் போனார். போன வேகத்தில் அடித்துவிடுவாரோ என்று நான் பயந்தேன்.

“ஐயா, பாலம் இருந்தும் இந்தப் பிள்ளை ஏன் செத்தது? சொல்லுங்கோ.”

“நான் ஒருத்தரையும் மறிக்கச் சொல்லேல்லை தம்பி,” என்றார் மணியம். “நான் போட்டுத் தாறன் எண்டு சொன்னன். போட்டுத் தந்தன்.”

சொல்லும்போதே கண்ணீர் வடிந்தது. அது உண்மையான கண்ணீர். பொய்யாக அழுதிருந்தால் எனக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும். அந்த மனிதரை வாயாரத் திட்டவும் முடியாமல் செய்துவிட்டார், அதற்காகவே எனக்கு அவர்மேல் இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

வருஷங்கள் போய்த் தேர்தல் திரும்பவும் வந்தது. மணியம் விளக்கில் நின்றார். சங்கக்கடைக்காரர் ஏணிச் சின்னத்தில் நின்றார். இந்தத் தடவை இவர் ஏணிப் பக்கம். எங்கள் முற்றத்தில் அதே கதிரை. கூட்டத்தில் தம்பி மேடை ஏறிப் பேச வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து அவனைக் கேட்டார்கள். அவன் வேலியோரமாக நின்றான். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

“நடந்ததைச் சொன்னால் போதும்,” என்றார் இவர். “பாலத்திலை விடேல்லை எண்டதை உன்ரை வாயாலை சொல்லு.”

“அப்பிடிச் சொல்லேலாது அண்ணை. ஒருத்தரும் மறிக்கேல்லை.”

“அப்ப என்னத்துக்குத் தாம்போதியாலை இறக்கினனீ?” சங்கக்கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. “மறிக்க ஆளில்லை, கடவுளும் இல்லை. பாலத்தாலை ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம்தானே?”

தம்பி அவரைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்துத்தான் சொன்னான்.

“நான் பாலத்துக்குத்தான் வண்டிலைத் திருப்பினன் அண்ணை. அவள்தான் எட்டி மாட்டுக் கயித்தைப் பிடிச்சவள். பிள்ளையாருக்கு விளக்கெரியுது, வேண்டாம் எண்டாள். வெள்ளத்தைப் பாரடி எண்டன். வெள்ளம் ஒருவேளை விடும், அந்தச் சொல்லு விடாது எண்டாள். முதல் பிள்ளையையும் குடுத்தவள் அண்ணை. நான் என்னத்தைச் சொல்ல.”

“எந்தச் சொல்லு?” என்று கேட்டார் இவர்.

தம்பி இவரை அதிசயமாகப் பார்த்தான். பகிடி பண்ணுகிறாரோ என்று பார்த்தான் போல.

“ஐயா கற்பூரம் அணைச்சுச் சொன்ன சொல்லு. ‘ஊர் முறைமை பிசகாமல் பாலம் போட்டுத் தருவன். நான் சொல்லுப் பிசகினால் என்ரை சந்ததி விளங்காது. முறைமை பிசகிறவன்ரை சந்ததியும் விளங்காது.’ நீங்களும் எங்களோடைதானே நிண்டனீங்கள் அண்ணை.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது, பத்தியக் கறியோடு வந்தவள் என் பிள்ளையைப் பார்த்துவிட்டு ஏன் மிச்சத்தை விழுங்கினாள் என்று. பச்சைப் பிள்ளை இருக்கும் வீட்டில் சந்ததி அழிகிற சொல்லை எவள் சொல்லுவாள்? மணியம் சத்தியத்துக்குப் பயந்தவர் என்று இவர் கணக்குப் போட்டது சரிதான். அந்தச் சத்தியத்தைக் கேட்டுக்கொண்டு நின்றவர்களில் வேறு யார் பயந்தவர் என்று இவருடைய கணக்கில் இல்லை.

தம்பி போய்விட்டான். சங்கக்கடைக்காரர் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். இவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

“பாலை மரத்தடியிலை அவளுக்குப் பக்கத்திலைதான் நிண்டனான்,” என்றார். “கை எட்டுற தூரம். அவள் அழுதுகொண்டு நிண்டாளோ, பேசாமல் நிண்டாளோ, அதுகூடத் தெரியேல்லை எனக்கு.”

நான் சோற்றுப் பானையை இறக்கினேன். ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தேர்தலிலும் மணியம்தான் வென்றார். இவர் புள்ளடி போடப் போகவில்லை. நான் போனேன். யாருக்குப் போட்டேன் என்று சொல்லமாட்டேன். சொன்னாலும் அதில் ஒரு வீரமும் இல்லை. போகும்போது பாலத்தால் போனேன். வரும்போது கால் கேட்கவில்லை, தாம்போதியால் வந்தேன். கோடைகாலம், கல்லெல்லாம் காய்ந்து கிடந்தது. காய்ந்த ஆற்றிலும் யாரோ பின்னால் வருகிறதுபோல இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மாரி வந்ததும் இவரிடம் ஒரு பழக்கம் வந்தது. பின்நேரங்களில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாலத்தால் அக்கரைக்குப் போவார். வெள்ளைக் கல்லைச் சுற்றி வளர்ந்த பற்றையை வெட்டித் துப்புரவாக்கி வைத்தார். மழை கூடின நாட்களில் நனைந்தபடி அங்கேயே நிற்பார். ஒருநாள், நேரமாகிறதே என்று தேடிக்கொண்டு நான் பாலம் வரைக்கும் போனேன். வெள்ளம் தாம்போதியை மூடி ஓடிக்கொண்டிருந்தது. இக்கரையில் ஒருவரும் இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. பேயுமில்லைப் பிசாசுமில்லை என்று ஊரெல்லாம் வாதாடின மனிதர், இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, வெறுங்கரையைப் பார்த்துக் கூவினார். கொஞ்சம் விட்டு, இன்னொரு தரம் கூவினார்.